வெங்கச்சாங்கல் சில்லு: கருவியா, கழிவா?

கேள்வி, 3 செப்டம்பர் 2023

"அண்ணே, பண்ணைக்காட்டுக்கு மேல எங்க காட்டுல காப்பி நாத்து வைக்கக் குழி எடுத்தோம். நாலஞ்சு குழியில ஒன்றரை அடி ஆழத்துல வெள்ளைக் கல்லு, சில்லு சில்லா, நாப்பத்தி மூணு. எல்லாமே கூர். ஒண்ணு அசல் கத்தி மாதிரியே இருக்கு. கற்காலக் கருவிதான்னு நான் சொல்றேன். மச்சான், எல்லாம் கழிவு, தூக்கி வரப்புல போடுங்கிறான். எது கருவி, எது கழிவுன்னு ஒரே வரியில சொல்லுங்க."

3 செப்டம்பர், இரவு

ஒரே வரியில் முடியாது தம்பி. வரப்பில் மட்டும் போட்டுவிடாதே.

படம் பார்த்தேன். எல்லாவற்றையும் கழுவி, பாயில் பரப்பி, ஒரே பக்கமாக எடுத்திருக்கிறாய். கல்லுக்கு முகம் இரண்டு, விளிம்பு ஒன்று, அடி விழுந்த முனை ஒன்று. நாலும் தெரிந்தால்தான் பேச முடியும்.

நம் கொடைக்கானல் மலை பெரும்பாலும் சார்னோகைட். ஊரில் கருங்கல் என்போம். அதற்குள் வெள்ளை நரம்பாக ஓடுவதுதான் வெங்கச்சாங்கல், இங்கிலீஷில் குவார்ட்ஸ். கருங்கல் மக்கி மண்ணாகிப்போகும், வெங்கச்சாங்கல் மக்காது. நரம்பு உடைந்து துண்டு துண்டாக மண்ணுக்குள்ளேயே கிடக்கும். அதனால் குழியில் வெள்ளைக் கல் கிடைப்பதில் அதிசயமில்லை. கூராக இருப்பதிலும் இல்லை. நேற்றுக் கடப்பாரை பட்டு உடைந்ததும் கூராகத்தான் இருக்கும்.

மனிதன் அடித்து எடுத்த சில்லில் அடி விழுந்த இடம் ஒரு சின்ன மேடையாக நிற்கும். அதற்கு நேர் கீழே, உள்முகத்தில், லேசான குமிழ் புடைத்திருக்கும். குமிழிலிருந்து, குளத்தில் கல் போட்டால் விரிகிற மாதிரி, வளையம் வளையமாக அலை ஓடும். திருப்பி முதுகைப் பார்த்தால், அதற்கு முன் எடுத்த சில்லுகளின் பள்ளங்கள் இருக்கும். இரண்டு மூன்று பள்ளம் ஒரே திசையில் வரிசையாக இருந்தால் கை வைத்துப் பார்க்க வேண்டிய கல். உன் நாற்பத்து மூன்றில் ஐந்தை மறுபடி பார்க்கத் தோன்றுகிறது. அந்த ஐந்தையும் நாலு பக்கமும் எடுத்து அனுப்பு.

4 செப்டம்பர், காலை

ராத்திரி எழுதியதைத் திருத்த வேண்டும். குமிழ், அலை என்று நான் சொன்னது செர்ட், குவார்ட்சைட் மாதிரி சீரான கல்லுக்குப் பொருந்தும். வெங்கச்சாங்கல்லில் அதைத் தேடினால் ஏமாந்துபோவாய்.

சில வருஷம் முன் காப்பிக் களத்துக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு நாள் வெங்கச்சாங்கல் உடைத்துப் பார்த்தேன். ஓடையில் பொறுக்கிய உருண்டைக் கல்தான் சுத்தி. நான் அடித்த கல், என் கண்முன் விழுந்த சில்லு. அதிலேயே குமிழ் தெரிந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெங்கச்சாங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏராளம். அடியின் வேகம் நேராக ஓடாமல் அந்த விரிசல்களில் மாட்டி, சில்லு பறக்கும்போதே இரண்டாக, மூன்றாகப் பிளந்துவிடும். அடி விழுந்த முனை மாவாகப் பொடிந்துபோகும். அந்தச் சில்லுகளை இன்னொருவர் மண்ணிலிருந்து எடுத்திருந்தால் "இயற்கையாக உடைந்தது" என்றுதான் சொல்லியிருப்பார். நானும் அதையே சொல்லியிருப்பேன்.

ஆகவே, குமிழ் இருந்தால் நல்ல அடையாளம். இல்லையென்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

10 செப்டம்பர்

"அப்போ யாராலயும் சொல்ல முடியாதா?" என்று கேட்கிறாய். இந்தக் கேள்விக்காக நூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் பெரிய சண்டையே நடந்தது.

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் பெஞ்சமின் ஹாரிசன் என்றொரு மளிகைக்கடைக்காரர் இருந்தார். மேட்டுச் சரளையில் விளிம்பு கொறித்த கற்களைப் பொறுக்கிச் சேர்த்து, இவைதான் மனிதன் செய்த முதல் கருவிகள் என்றார். அவற்றுக்கு 'இயோலித்' என்ற பெயர் வந்தது, பெரிய நிலவியலாளர்களே அவர் பக்கம் நின்றார்கள். 1905-இல் பிரான்சில் மார்செலின் பூல் ஒரு சிமென்ட் ஆலைக்குப் போனார். சுண்ணாம்பையும் களிமண்ணையும் தண்ணீரில் கலக்கும் தொட்டிக்குள் சுழன்று அடிபட்டு வந்த கற்களை எடுத்துப் பார்த்தார். அச்சு அசலாக அதே இயோலித். மனிதக் கை படாமல், ஆலையே செய்து தள்ளிக்கொண்டிருந்தது.

1939-இல் ஆல்ஃபிரட் பார்ன்ஸ் கோணத்தை அளக்கச் சொன்னார். மேடைக்கும் சில்லு பெயர்ந்த பள்ளத்துக்கும் நடுவே உள்ள கோணம். கை தேர்ந்த மனிதன் செங்கோணத்துக்குக் குறைவான இடம் பார்த்துத்தான் அடிப்பான், விரிந்த கோணத்தில் அடித்தால் சில்லு பெயராது. இயற்கைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, எங்கே பட்டாலும் உடைக்கும். ஒரு குவியலில் விரிகோணம் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால்தான் மனிதன் செய்தது என்று ஏற்கலாம் என்பது அவர் கணக்கு. அவர் கேட்டது குவியலை. ஒற்றைக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முறையில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

10 செப்டம்பர், பிறகு

விட்டுப்போனது. 2016-இல் பிரேசிலிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே கப்புச்சின் குரங்குகள் கல்லைக் கல்லால் குத்துகின்றன. கருவி செய்யும் எண்ணமெல்லாம் அவற்றுக்கு இல்லை. கல்லை உடைத்து நக்குகின்றன. ஆனால் கீழே விழுகிற சில்லு, பழைய கற்காலச் சில்லு மாதிரியே கூர் விளிம்போடு இருக்கிறது. இந்த வருஷம் தாய்லாந்துக் குரங்குகளைப் பற்றியும் அதே மாதிரி ஆய்வு வந்தது. அவை கொட்டை உடைக்கும்போது கல் தவறிக் கல்லில் பட்டுச் சில்லு விழுகிறது.

நம் நாட்டுக்குரங்கு கல்லெடுத்து உடைத்து நான் பார்த்ததில்லை. கொடைக்கானல் குரங்குக்குக் கையிலிருக்கும் மக்காச்சோளத்தைப் பிடுங்கவே நேரம் போதாது.

16 செப்டம்பர்

ஐந்து கல்லின் படமும் வந்தது. ஒன்று கடப்பாரை. உடைந்த முகம் சர்க்கரைக் கட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கிறது, மற்ற முகங்களில் செம்மண் ஊறிப் பழுத்திருக்கிறது. கல்லில் பல காயம் இருந்தால் எல்லாக் காயத்துக்கும் ஒரே வயதா என்று பார். பழைய காயங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அது உன் கூலியாள் போட்டது.

இரண்டு கல் ஜல்லி உடைத்த துண்டாக இருக்கலாம். உன் காட்டுக்கு மேலே பழைய ரோடு போகிறது. அந்தக் காலத்தில் ரோட்டோரம் குவித்துப் போட்டு ஆட்கள் உட்கார்ந்து சுத்தியால் உடைத்தார்கள். இரும்புச் சுத்தி பட்ட இடத்தில் ஊசிக்குத்து மாதிரி ஒரு புள்ளி நொறுங்கியிருக்கும், சில சமயம் துருக்கறையும் இருக்கும்.

நான்காவது, விளிம்பு முழுக்கக் கடித்த மாதிரி இருப்பது, சுரண்டி என்று நினைக்கிறேன். தோல் சுரண்ட, மூங்கில் சீவப் பயன்படுகிற கருவி. ஐந்தாவது சின்னது, கண்ணாடி மாதிரித் தெளிந்த கல். அதைத் தனியே எடுத்து வை.

நீ கத்தி என்றாயே, அது வெறும் நரம்புத் துண்டு. கருவி மாதிரி இருப்பது பெரும்பாலும் கருவியாக இருக்காது.

17 செப்டம்பர், இரவு

என் கதையையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் உனக்கு யோசனை மட்டும் கூறிக்கொண்டிருப்பது சரியில்லை.

1998. தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் இடத்தில் மாட்டுக்கொட்டகைக்கு மேடு வெட்டினோம். வெட்டின சுவரில் ஒரு முழ ஆழத்தில் வெள்ளைச் சில்லுகள் ஒரே மட்டத்தில், கோடு போட்ட மாதிரி வரிசையாகத் தெரிந்தன. எனக்கு அப்போது முப்பது வயது. ரொம்பச் சந்தோஷம். அழகானதாக இருபது பொறுக்கினேன். மிச்சம் இரண்டு சட்டி இருக்கும், ஜீப் வரும் பாதையில் பள்ளம் தூர்க்கக் கொட்டிவிட்டேன். இருபதையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கோணிப்பையில் போட்டு, பஸ்ஸில் வத்தலக்குண்டு இறங்கி, ஒரு கல்லூரியில் தொல்லியல் தெரிந்த பேராசிரியரிடம் கொண்டுபோனேன்.

அவர் கற்களைக் கையில் எடுக்கவே இல்லை. "எங்க இருந்தது? எவ்வளவு ஆழம்? கூட என்ன கெடந்தது?" மூன்று கேள்வி. மேடு வெட்டியாகிவிட்டது, சுவர் எழும்பியாகிவிட்டது. கூடக் கிடந்ததை நானே ஜீப் சக்கரத்துக்கு அடியில் போட்டிருந்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். விளிம்பில் பல் பல்லாகப் புதுக் கொறிப்பு. மண்ணுக்குள் வந்ததில்லை, வத்தலக்குண்டு வரை கோணிக்குள் ஒன்றோடொன்று மோதி வந்தது. முகத்தில் ஈயம் தீட்டிய மாதிரி சாம்பல் கோடுகள். வெங்கச்சாங்கல் இரும்பை விடக் கெட்டி. நான் தேய்த்தபோது கல் தேயவில்லை, பிரஷ் கம்பிதான் தேய்ந்து கல்லில் ஒட்டிக்கொண்டது. பழைய விளிம்பில் என்ன தடயம் இருந்திருந்தாலும் அதற்கு மேல் என் கம்பியின் தடயம் ஏறிவிட்டது.

இருபத்தைந்து வருஷமாக அந்த இரண்டு சட்டிதான் மனசில் நிற்கிறது. கருவி இது, கழிவு அது என்று அன்று பிரித்தேன் பார், அதுதான் தப்பு. நான் கொட்டியதில்தான் விஷயம் இருந்தது.

18 செப்டம்பர்

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கேட்டாய்.

ஒரு கைக்கோடரி செய்தால் பெரிய சில்லே பத்து இருபதுக்கு மேல் விழும், பொடிச் சில்லு நூற்றுக்கணக்கில். கைக்கோடரியை எடுத்துக்கொண்டு ஆள் நடந்துபோய்விடுவான், எங்கோ தொலைப்பான். சில்லு உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கும். தச்சன் எங்கே வேலை பார்த்தான் என்று இழைப்புச் சுருள் சொல்லும், நாற்காலி சொல்லாது.

சென்னைக்கு வடமேற்கே உள்ள அதிரம்பாக்கத்தில் அப்படித்தான். 1863 மே 30-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியை எடுத்தார், அதே வருஷம் செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு அதிரம்பாக்கம் போனார். அதைத்தான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பின்னால் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவும் அங்கே வருஷக்கணக்காக அடுக்கடுக்காகத் தோண்டி, பெரிய கருவி, சின்னச் சில்லு எல்லாவற்றுக்கும் இடம், ஆழம் குறித்து எடுத்தார்கள். 2011-இல், அங்குள்ள மிகப் பழைய அடுக்கின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு என்று வெளியிட்டார்கள். 2018-இல் இன்னொரு முடிவு வந்தது: மேல் அடுக்கில், சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே, பெரிய கைக்கோடரியை விட்டுவிட்டு, தாய்க்கல்லை முதலிலேயே பக்குவப்படுத்திச் சின்னச் சில்லு எடுக்கும் முறைக்கு மாறிவிட்டார்கள். இந்த மாற்றம் தெரிந்ததே சில்லையும் தாய்க்கல்லையும் சேர்த்து வைத்துப் பார்த்ததால்தான். (சில்லு எடுத்து எடுத்து மிஞ்சுகிற கட்டியைத் தாய்க்கல் என்கிறேன். இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.)

ஃபூட் கோடரி எடுத்த பல்லாவரம் பக்கத்துக் கல்தான் நம் சார்னோகைட்டும். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறைக்கு அங்கிருந்து கொண்டுபோன கல் என்பதால் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். இதற்கும் உன் கேள்விக்கும் சம்பந்தமில்லை, சொல்லத் தோன்றியது.

அதிரம்பாக்கம் மாதிரி கைக்கோடரி நம் குழியில் வருமென்று எதிர்பார்க்காதே. அங்கே குவார்ட்சைட் உருண்டை தாராளம். இங்கே கைக்குக் கிடைத்தது வெங்கச்சாங்கல். அதில் சின்னதாகத்தான் செய்ய முடியும்.

24 செப்டம்பர்

கோத்தகிரி டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார், தேயிலைக் காட்டில் கல்வட்டத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சில்லு கிடக்கிறதாம், கல்வட்டம் கட்டினவர்கள் செய்ததா என்று.

நீலகிரிக் கல்வட்டங்களைப் பிரீக்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி திறந்து பார்த்து எழுதினார், அந்தப் புத்தகம் 1873-இல் வந்தது. உள்ளே கிடைத்தவை மண்பாண்டம், மண் பொம்மை, இரும்பு, வெண்கலக் கிண்ணம். இரும்பு தெரிந்த மக்கள். இங்கே தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்பதுக்கைகளும் (பலகைக்கல் வைத்துக் கட்டிய பழைய கல்லறைகள்) அப்படித்தான். ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு ஏசு சபைப் பாதிரியார்கள் பழனிமலைக் கற்பதுக்கைகளை ஊர் ஊராக நடந்து அளந்தார்கள், 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை அதை வெளியிட்டது. ஒரே இடத்தில் கிடப்பதால் ஒரே காலம் ஆகிவிடாது டீச்சர். அதே மேட்டில் முதலில் ஒருவர் சில்லு எடுத்திருக்கலாம், பல நூற்றாண்டு கழித்து இன்னொருவர் பதுக்கை கட்டியிருக்கலாம், நேற்று மாடு மிதித்தும் இருக்கலாம். மாடு மிதித்த கல்லில் கொறிப்பு ஒழுங்கில்லாமல் இரு பக்கமும் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும். எடுக்காமல், கிடக்கிற இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

25 செப்டம்பர்

தம்பிக்கு: குழி எடுப்பதை நிறுத்து. எடுத்த மண்ணைக் காப்பிக் களத்துச் சல்லடையில் சலித்து, பொடியையும் எடுத்து வை. ஒவ்வொரு குழி மண்ணும் தனித்தனிப் பை. பிரஷ் வேண்டாம், தண்ணீர் போதும். நகக்கண் அளவுச் சில்லு நிறைய வந்தால் அங்கேயே உட்கார்ந்து அடித்திருக்கிறார்கள். பெரியது மட்டும் வந்தால் பொடியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும், அல்லது பெரியதே எங்கிருந்தோ உருண்டு வந்திருக்கும்.

8 அக்டோபர்

16-ஆம் தேதி எழுதியதில் ஒன்று தப்பு. சுரண்டி என்றேனே, நான்காவது கல்.

நேற்று உன் காட்டுக்கு வந்தபோது நீ சந்தைக்குப் போயிருந்தாய். உங்கள் அப்பா கற்களைத் திண்ணையில் எடுத்து வைத்தார். தேன் கொண்டுவந்த பளியர் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்தார். கையை நீட்டினார், கொடுத்தேன். விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, "இது சிக்கிமுக்கி சாமி. எங்கப்பன் மடியில இருந்துச்சு இப்பிடி ஒண்ணு" என்றார்.

எனக்கு நம்ப மனம் வரவில்லை. அவர் உங்கள் அப்பாவிடம் உடைந்த அரம் ஒன்று கேட்டார். கூந்தப்பனை மட்டையின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பஞ்சைத் தன் பையிலிருந்தே எடுத்தார், தேன் எடுக்கும்போது புகை மூட்ட வைத்திருந்தார் போல. கல்லின் விளிம்பை மேலாக்கி, பஞ்சை அதன் மேல் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்து, அரத்தைக் கீழ்நோக்கி வெட்டினார். நாலாவது வெட்டில் பொறி. ஆறாவதில் பஞ்சு கனிந்தது. ஊதினார், புகைந்தது.

அப்புறம் கல்லை என்னிடம் கொடுத்தார். புதிதாகப் பட்ட இடத்தில் சின்னச் சின்ன நொறுங்கல், ஒன்றின் மேல் ஒன்றாக, படிப்படியாக, இரண்டு பக்கமும். கூடவே சாம்பல் கோடு. பழைய விளிம்பிலும் அதேதான், சாம்பல் கோடு உட்பட. அந்தக் கோட்டை நான் முன்பே படத்தில் பார்த்தேன், கடப்பாரை உரசியது என்று நினைத்துக் கடந்துவிட்டேன். என் கம்பி பிரஷ் கதையை எழுதிய எனக்கே அது உறைக்கவில்லை.

சுரண்டியின் கொறிப்பு ஒரு முகத்திலிருந்தே மற்ற முகத்தை நோக்கி ஒழுங்காக ஏறும், விளிம்பு கூராகவோ சரிவாகவோ வேலைக்கு ஆகிற மாதிரி இருக்கும். சிக்கிமுக்கியில் விளிம்பு மழுங்கி, இரு பக்கமும் நசுங்கிப்போயிருக்கும். ஆக, அது கருவிதான். ஆனால் தீப்பெட்டி மலையேறாத நாளின் கருவி, தாத்தா காலத்தது. கருவியா கழிவா என்று மட்டும் கேட்டோம், எந்தக் காலத்து மடியிலிருந்து விழுந்தது என்று கேட்க விட்டுவிட்டோம்.

9 அக்டோபர்

மச்சானுக்கு: இல்லை, அதனால் எல்லாமே சிக்கிமுக்கி என்று ஆகிவிடாது. மற்றக் கற்களில் இரும்புக் கோடு இல்லை, முந்தாநாள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

29 அக்டோபர்

மழை பிடித்துக்கொண்டது. பாதையில் சகதி, ஜீப் ஏறவில்லை. பைகள் ஐந்தும் நனையாமல் இருக்கட்டும்.

அந்தக் கண்ணாடிச் சில்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரம் தேரிக்கு ஒருமுறை போயிருக்கிறேன். செம்மணலில் நடந்தால் காலடியில் மின்னும். செர்ட்டும் வெங்கச்சாங்கல்லுமாக நுண்கருவிகள், சில சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னவை. சாய்னர், ஆல்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-இல் அவற்றைப் பற்றி எழுதினார்கள். அவ்வளவு சின்னதைக் கையில் பிடிக்க முடியாது, மரத்திலோ எலும்பிலோ வரிசையாகப் பதித்துப் பிசின் வைத்து ஒட்டியிருப்பார்கள். தேரியில் பார்த்த பிறகு சின்னதை ஒதுக்குவதில்லை.

12 நவம்பர், தீபாவளி

காலையில் ஆடு உரித்தார்கள். களத்துக்குப் பின்னால் நானே அடித்து வைத்திருந்த சில்லுகளில் ஒன்றை எடுத்துப் போனேன். என் தம்பி மகன் சிரித்தான். தொடைத் தோலில் கீறினேன், பிளேடு மாதிரி இறங்கியது. நாலு கீறலுக்குப் பிறகு கொழுப்பு ஏறி விரலில் வழுக்கியது. வாழைச்சருகை மடித்து முதுகில் வைத்துப் பிடித்தேன், அப்புறம் வழுக்கவில்லை. ஒரு தொடை முழுக்க உரித்து முடித்தேன்.

கழுவி, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அடித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. ஒரு தொடை உரித்த கத்தி, லென்ஸுக்குக் கழிவாகத்தான் தெரிகிறது. நல்ல நுண்ணோக்கியும் பழகிய கண்ணும் இருந்தால்தான் அதில் தேய்மானம் தேட முடியும். புல், தானியத்தாள் அறுத்த கல்லில் மட்டும் நாளடைவில் பளபளப்பு ஏறி வெறுங்கண்ணுக்கே தெரியும் என்பார்கள், தோலும் கறியும் அப்படிக் காட்டிக்கொடுக்காது.

செப்டம்பரில் நான் சொன்ன "ஐந்துதான் பார்க்கத் தக்கது" என்பதை இதோடு திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விளிம்பு செதுக்காத சில்லும் கருவியாக இருந்திருக்கலாம். எடுத்தார்கள், அறுத்தார்கள், போட்டார்கள். பெயர் வைக்கும் நாம்தான் செதுக்கியதைக் கருவி என்றும் மிச்சத்தைக் கழிவு என்றும் இரண்டு கூடையில் போடுகிறோம்.

26 நவம்பர், இரவு

பைகளை வாங்கி வந்து மூன்று நாளாயிற்று. பழம் பறிக்கும் வேலை, ராத்திரிதான் நேரம்.

மூன்றாம் குழிப் பையில் பொடி அள்ளக் குறையாமல் இருந்தது, அரிசிக் குருணை மாதிரி. முறத்தில் பரப்பி, நிறம் பார்த்துப் பிரித்தேன். பால் வெள்ளை ஒரு பக்கம், புகை படிந்த மாதிரி ஒரு பக்கம். புகைநிறத்தில் ஒரு பதினைந்து துண்டு. அவற்றில் சிலவற்றுக்கு நடுவே நூல் பருமனில் துருச்சிவப்புக் கோடு ஓடுகிறது. ஒரே கட்டியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தேன். நேற்று ஒன்றும் சேரவில்லை. இன்று ஒன்பதரைக்கு இரண்டு துண்டு ஒன்றோடொன்று போய் உட்கார்ந்தன. அழுத்தவே வேண்டாம், தானாகப் பிடித்துக்கொண்டன. சிவப்புக் கோடு இதில் விட்ட இடத்தில் அதில் தொடர்கிறது. எழுந்து போய் வீட்டில் எழுப்பிக் காட்டினேன்.

கடப்பாரை உடைத்ததா என்று உடனே பார்த்தேன். சேர்கிற இரண்டு முகத்திலும் மண் ஊறியிருக்கிறது, வெள்ளை வெளேரென்ற புது முகம் இல்லை. மேல் முனை பொடிந்திருக்கிறது, கீழ் முனையும் பொடிந்திருக்கிறது. ஒரு கல்லின் மேல் நிற்க வைத்து மேலிருந்து அடித்தால்தான் இரண்டு முனையும் நொறுங்கும். கொட்டைப்பாக்கு உடைக்கிற மாதிரி. வெங்கச்சாங்கல் உடைக்க அதுதான் சுலபமான வழி, களத்துக்குப் பின்னால் நானும் கடைசியில் அதற்குத்தான் வந்து சேர்ந்தேன். உன் கண்ணாடிச் சில்லின் இரண்டு முனையையும் பார்த்தேன். இரண்டும் பொடிந்திருக்கிறது.

காலம் சொல்ல மாட்டேன். அது கல்லில் இருக்காது, கிடந்த மண்ணடுக்கில்தான் இருக்கும். நீ இன்னும் வெட்டாமல் விட்டிருக்கிற மண்ணில்.

3 டிசம்பர்

முறைப்படி செய்ய வேண்டியது: நூறு வருஷத்துக்கு மேற்பட்டதென்றால் 1972 சட்டப்படி தொல்பொருள், மண்ணுக்குள் கிடைத்ததற்கு 1878-ஆம் வருஷப் புதையல் சட்டமும் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடு, மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் ஒரு நகல். இடம் பறிபோய்விடுமோ என்று அப்பா பயப்படுகிறார் என்றாய். கூட நானும் வருகிறேன், அவரிடம் சொல். கடிதத்தில் "கற்காலக் கருவி கிடைத்தது" என்று எழுத வேண்டாம். எந்தக் குழி, எவ்வளவு ஆழம், எத்தனை துண்டு, எது சல்லடையில் வந்தது, எது கையில் எடுத்தது, அவ்வளவும் எழுது. சிக்கிமுக்கி எங்கே கிடந்தது என்பதையும் சேர். பெரியவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுது.

10 டிசம்பர்

நாற்றுகளைக் கிழக்குச் சரிவுக்கு மாற்றிவிட்டதாகவும், திறந்த குழிகளில் சாக்கு விரித்து அதே மண்ணைப் போட்டு மூடியதாகவும் எழுதியிருந்தாய். சாக்கு விரித்தது நல்ல யோசனை, பிறகு திறப்பவருக்கு நீ வெட்டின மட்டம் தெரியும்.

நேற்று எங்கள் பழைய ஜீப் பாதைக்குப் போனேன். தார் போட்டு எட்டு வருஷமாகிறது. கொட்டின இடம் எனக்குத் தெரியும், பலாமரத்துக்கு எதிரில். ஓரத்தில் தார் பெயர்ந்த இடத்தில் வெள்ளையாக மூன்று துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை, படம் மட்டும் எடுத்தேன். பீரோவிலிருக்கும் இருபதையும் இன்று தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, "1998, கொட்டகை மேடு, ஆழம் சுமார் ஒரு முழம், கம்பி பிரஷ் போட்டது" என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி வைத்தேன். உன் கடிதத்தோடு அதையும் கொடுத்துவிடலாம்.

சல்லடையை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். பழம் பறிப்பு இருக்கிறது, உனக்கும் வேண்டுமே.